சிலுவைமுத்துவின் பகல் தூக்கம்

ரயில்வே சரக்கு யார்டில் பாயிண்ட்ஸ்மேனாக இருந்த சிலுவைமுத்துவுக்கு ராயபுரத்தில் எங்கள் எதிர்வீடு. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தேழாம் வருஷக் கோடையில் அவருக்கு மூன்று மாதம் தொடர்ந்து ராத்திரி வேலை விழுந்தது. ஒரு நாள், சரக்குப் பெட்டிகளைத் தடம் மாற்றும் லீவரைப் பிடித்தபடியே கண்ணயர்ந்துவிட்டார். காலிப் பெட்டி ஒன்று வேறு தடத்தில் போய் முட்டி நின்றது. யாருக்கும் அடியில்லை. ஆனால் இன்னொரு முறை தூங்கினால் வேலை போய்விடும் என்று யார்டுக்குப் பொறுப்பான வெள்ளைக்காரத் துரை கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்.

பகலில் தூங்கத்தான் பார்த்தார். அவர் படுக்கும் அறையின் ஜன்னலோ தெருவைப் பார்த்தது. விடிந்தால் துறைமுகத்துக்குப் போகும் மாட்டுவண்டிகளின் இரும்புப் பட்டைச் சக்கரங்கள் கருங்கல்லில் கடகடக்கும். பக்கத்தில் பாஸ்கலின் தகரப் பட்டறை வேறு.

அவர் மனைவி லூர்து, துறைமுகத்தில் மூட்டை தூக்கும் தன் தம்பியிடம் பழைய கோணிகள் வாங்கி, நான்கு மடிப்பாக ஜன்னலுக்கு வெளியே ஆணியடித்தாள். அவை கருவாட்டு மூட்டைக் கோணிகள். கருவாட்டு வாடை எங்கள் தெருவில் யார் மூக்குக்கும் வாடையாகவே படாது. காக்கைகளுக்குப் பட்டது. எட்டு மணிக்குள் ஒரு கூட்டமே வந்து கோணியைக் கொத்திக் கரைந்தது.

பாஸ்கல் சுத்தியலை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தான். "இன்னா மாமு, காக்காவுக்கெல்லாம் வூட்ல விருந்தா?"

சிவந்த கண்ணோடு சிலுவைமுத்து எட்டிப் பார்த்தார். "விருந்துக்கு நீயும் வா நைனா. வர்றப்போ அந்தச் சுத்தியல கடல்ல போட்டுட்டு வா!"

லூர்து கோணிகளைப் பிடுங்கி, சோடா உப்புப் போட்டு வேகவைத்து, இரண்டு நாள் காயப்போட்டாள். பிறகு உள்ளே தேங்காய் நாரை அடைத்து மெத்தைபோலத் தைத்து ஜன்னலில் பொருத்தினாள். சத்தம் கொஞ்சம் குறைந்தது. தூக்கம் மட்டும் வரவில்லை.

மெத்தையை மறுபடி இறுக்கும்போது பிடித்துக்கொடுக்க உள்ளே போயிருந்த எனக்கு, அதன் மேல் விளிம்பில் நூல்போல வெயில் தெரிந்தது. சொல்லலாமா வேண்டாமா என்று நின்றுவிட்டுச் சொன்னேன்: "வெளிச்சம் வர்ற வழியாத்தான் சத்தமும் வருது அக்கா."

"அத்த மொதல்லயே சொல்றதுக்கு இன்னா?"

நாலு பக்க இடுக்கிலும் கந்தல் திணித்தாள். தெருக்கதவின் அடியில், கடல்மணல் நிரப்பிய துணிக்குழாயை வைத்தாள். காற்றுக்குக் கொல்லைக் கதவு திறந்திருந்தது.

மறுநாள் காலை ஏழு மணிக்குப் படுத்தவர், மதியச் சாப்பாட்டுக்கும் எழவில்லை. பயந்துபோன லூர்து உள்ளே ஓடினாள். வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டே வெளியே வந்தாள்.

"இன்னா கொறட்டை! வெளிய சத்தம் உள்ள வராம நான் அடைச்சன். இப்போ உள்ள சத்தத்துக்கு நான் எங்க போவேன்?"

நான்கு மணிக்கு அவரே எழுந்து வந்து சோறு கேட்டார். இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். சாயங்காலம் டியூட்டிக்குக் கிளம்பும்போது பாஸ்கலைப் பார்த்து, "இன்னிக்குப் பட்டறை லீவா?" என்றார்.

காலையிலிருந்து எழுபது வாளிக்கு அடித்தகடு தட்டியிருந்த பாஸ்கல், கையிலிருந்த சுத்தியலைத் தூக்கிக் காட்டினான்.

அந்தக் கோடை முடியும்வரை துரை அவரை மறுபடி கூப்பிடவில்லை.