நான்கு வில்லும் ஒரு கீறலும்

எங்கள் தோட்டத்துக் கொட்டகையில் ஒரு பலகை சுவரில் சாய்ந்து நிற்கிறது. லாரியின் பின்கதவிலிருந்து கழற்றியது. ஒரு பக்கம் பச்சைப் பெயிண்ட்டும், 'ஒலி எழுப்' வரைக்கும் மஞ்சள் எழுத்தும் இன்னும் தெரிகின்றன. மறுபக்கம் பழுக்கக் காய்ச்சிய கம்பியால் இழுத்த கோடுகள், அங்குலத்துக்கு ஒன்று. உச்சியில் ஒரு மரக் கவட்டை, அடியில் கிணற்றுக் கப்பி. வீட்டுக்கு வருகிறவர்கள் இதென்ன, துணி காயப்போடுகிற சாமானா என்று கேட்பார்கள். ஆமாம் என்று சொல்லிவிடுவேன். வில் செய்வதற்காக என் கொழுந்தனார் செய்த கருவி என்று ஆரம்பித்தால், அதோடு விடமாட்டார்கள். எனக்கும் பாதியில் நிறுத்தத் தெரியாது. இன்று நிறுத்தப் போவதில்லை.

அப்போது எண்பதுகளின் தொடக்கம். பரமத்தி வேலூருக்குப் பக்கத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியையாக இருந்தேன். விசில் ஊதி ஊதி வீட்டிலும் அதே குரலில்தான் பேசுவேன் என்று என் கணவர் அலுத்துக்கொள்வார். அந்த வருடம் மாவட்ட விளையாட்டுப் போட்டியில் வில்வித்தையையும் சேர்த்திருப்பதாகக் கடிதம் வந்தது. கூடவே ஆங்கிலத்தில் உருட்டச்சு செய்த இருபது பக்கக் கையேடு. தலைமையாசிரியை கண்ணாடியை இறக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார். "ஏனுங்க டீச்சர், கையில கம்பக் குடுத்தாலே நம்ம புள்ளைங்க மண்டைய ஒடைக்குதுங்க. அம்பு வேற குடுக்கோணுமா?" என்றார். கொடுத்தே தீருவது என்று அந்த நொடியில் முடிவு செய்துவிட்டேன். நான்கு பெண்களைத் தேர்ந்தெடுத்தேன். வில்தான் இல்லை. போட்டிக்கு ஒன்றரை மாதம் இருந்தது.

வில்லை நினைத்ததும் கொழுந்தனாரை நினைத்தேன் என்று சொன்னால் பாதிதான் உண்மை. அவரை ஏதாவது வேலையில் இழுத்துவிட வேண்டும் என்று மாதக்கணக்கில் யோசித்துக்கொண்டிருந்தேன். நாமக்கல்லில் ஒரு லாரிப் பட்டறையில் பட்டை வேலை பார்த்தவர் அவர். லாரியின் பாரத்தைத் தாங்குகிற வளைந்த எஃகுத் தகடுகளைத்தான் பட்டை என்பார்கள். அதைக் காய்ச்சி, வளைவு கொடுத்து, அடுக்கிக் கட்டுவதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் இல்லை என்று டிரைவர்கள் சொல்வார்கள். எட்டு மாதத்துக்கு முன்னால் அவர் கட்டிக்கொடுத்த பட்டை ஒன்று திருப்பத்தில் முறிந்து, நெல் மூட்டை ஏற்றிய லாரி கவிழ்ந்தது. டிரைவர் தப்பித்துக்கொண்டார். கிளீனராக இருந்த இளைஞருக்கு ஒரு கால் நசுங்கிப்போனது. அன்றைக்கு வீட்டுக்கு வந்தவர்தான், முருங்கை மரத்தடிக் கட்டிலை விட்டு எழவில்லை. மாமியாரிலிருந்து பால்காரர் வரைக்கும் எல்லோரும் ஒரே பாட்டைப் பாடினோம். உன் தப்பு ஒண்ணுமில்ல சாமி, இரும்பு முறியறதுக்கு நீ என்ன பண்ணுவே என்று. அவர் அந்தப் பக்கமாகப் புரண்டு படுத்துக்கொள்வார்.

நான் போய்க் கேட்டபோதும் அப்படித்தான் புரண்டார். வேலியைப் பார்த்துக்கொண்டே, "இனி என் கை பட்ட எதும் பாரம் தாங்கப்படாதுங்க நங்கையா" என்றார். எங்கள் பக்கத்தில் அண்ணியை நங்கையா என்றுதான் கூப்பிடுவோம். "வில்லு மேல யாரு தம்பி மூட்டை ஏத்தப்போறா? ஒம்பதாங் கிளாசுப் புள்ளைங்க இழுக்கறதுங்க. ஒடைஞ்சா என்னைய மொறைப்பாளுங்க, அவ்வளவுதான்" என்றேன். நான் எழுந்து நாலடி நடந்திருப்பேன். பின்னாலிருந்து, "எத்தன கிலோ இழுவை வேணும்?" என்று குரல் வந்தது. திரும்பிப் பார்த்தால் கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தார்.

மறுநாளே வில் செய்வார் என்று நினைத்தேன். அவரோ பத்து நாள் வில்லைத் தொடவே இல்லை. சாமான் இல்லாமல் வேலையா என்று சாமான்களைச் செய்ய உட்கார்ந்துவிட்டார். கொட்டகை மூலையில் உலை போட்டார். உடைந்த சைக்கிள் ஒன்றைக் கவிழ்த்து வைத்து, பெடலைச் சுற்றினால் காற்று வருகிற மாதிரி விசிறி மாட்டினார். தேய்ந்த லாரிப் பட்டையை அதில் காய்ச்சி அடித்து முழ நீளக் கத்தியாக்கி, இரண்டு முனையையும் மடித்துப் பிடி போட்டார். இரண்டு கையாலும் பிடித்துத் தன் பக்கமாக இழுத்தால் மரம் சுருள் சுருளாக உரிந்து வந்தது. மரத்தை அசையாமல் பிடிக்க ஒரு பெஞ்சு செய்தார். அதன் அடியில் லாரியின் பிரேக் பெடல். மிதித்தால் மேலிருந்து ஒரு கட்டை இறங்கி மரத்தைக் கவ்விக்கொள்ளும், காலை எடுத்தால் விட்டுவிடும். மரம் இழுத்துக்கொண்டு ஓடினால் பிரேக் போட வேண்டாமா என்று என் கணவர் கிண்டல் செய்ததற்கு, எட்டு மாதத்தில் முதல் தடவையாகச் சிரித்தார். ஆழ்துளைக் கிணறு தோண்டுகிற போர்வண்டிக்காரர்கள் வீசியெறிந்த குழாய்த் துண்டில் தண்ணீரைக் கொதிக்கவைத்து, கோணல் மரத்தை ஆவியில் வேகவிட்டு நிமிர்த்தினார். எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, கொட்டகையே இட்லிப் பானை மாதிரி இருந்தது.

அந்தப் பலகையைத்தான் கடைசியாகச் செய்தார். செதுக்கிய மரத்தை உச்சிக் கவட்டையில் கிடத்தி, நாணில் கொக்கி மாட்டி, கயிற்றைக் கப்பி வழியாகக் கொண்டுவந்து, கொட்டகையின் மறுகோடியில் நின்று இழுப்பார். நடுவில் பருத்தி எடை போடுகிற கொக்கித் தராசு, எத்தனை கிலோ இழுவை என்று காட்டும். வில்லின் இரண்டு பாதியும் ஒரே அளவு வளைகிறதா என்று கோடுகளை வைத்துப் பார்ப்பார். விறைப்பாக நிற்கிற பக்கத்தில் ரம்பப் பிளேடால் நாலு சுரண்டு சுரண்டிவிட்டு மறுபடியும் இழுப்பார். மரம் கொல்லிமலைச் சடச்சி. கோடாலிக் காம்புக்குத் தேடுகிற மரம் அது, வளையுமே தவிர லேசில் முறியாது. ஒரு வில்லை அப்படி ஐம்பது, அறுபது தடவை இழுத்திருப்பார். நான்கு வில்லும் முடிந்தபோது தராசு நான்குக்கும் பதினான்கு கிலோ காட்டியது.

என் தப்பு அங்கேதான் ஆரம்பிக்கிறது. பள்ளிக்குப் போகிற பஸ்ஸில் கையேட்டைப் படித்து முடித்திருந்தேன். அதில் தெளிவாக ஒரு வரி இருந்தது. மர வில்லை எய்து முடித்ததும் நாணை இறக்கிவிட வேண்டும். இழுத்த நிலையில் விட்டுவைத்தால் மரம் அந்த வளைவுக்கே பழகிப் பலம் இழந்துவிடும் என்று. ஒரு சனிக்கிழமை காலை கொட்டகைக்குப் போனால், நான்கு வில்லையும் விட்டத்தில் கட்டி, ஒவ்வொரு நாணிலும் ஒரு மணல் மூட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டிருந்தார். அவர்கள் பட்டறை வழக்கம் அது. புதுப் பட்டை கட்டினால் வண்டியில் முழுப் பாரம் ஏற்றி ஒரு நாள் நிறுத்திவைத்துப் பார்ப்பார்கள். அதைத் தாங்கினால்தான் ரோட்டுக்கு விடுவார்கள். "நாளைக்கிக் காலைல வரைக்கும் தொங்கட்டுங்க நங்கையா. தாங்கிருச்சுன்னா ஒரு புள்ளைக்கும் ஒண்ணும் ஆகாது" என்றவர், "பொஸ்தகத்துல இதப்பத்தி ஏதாச்சும் போட்டிருக்குதுங்களா?" என்று கேட்டார்.

கேட்காமல் இருந்திருந்தால்கூட எனக்கு ஒரு சாக்கு இருந்திருக்கும். கேட்டார். மூட்டைகளை இறக்குங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தப்பு என்று ஒரு வார்த்தை சொன்னால் மறுபடியும் கட்டிலுக்குப் போய்விடுவாரோ என்று பயம். "அப்படி ஒண்ணும் போடலீங்க தம்பி. நீங்க செய்யறதுதான் சரி" என்றேன். இரும்பைத் தாங்கவைக்கத் தெரிந்தவருக்கு மரத்தைத் தெரியாதா என்று எனக்கே ஒரு சமாதானமும் சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் காலை மூட்டைகளை அவிழ்த்தார். வில் எதுவும் முறியவில்லை, நிமிரவும் இல்லை. நாணைக் கழற்றிய பிறகும் நான்கும் அரிவாள் மாதிரி வளைந்தே கிடந்தன. ஒவ்வொன்றாகப் பலகையில் ஏற்றி இழுத்தார். தராசு ஒன்பதைத் தாண்டவில்லை. நான்காவதைப் பார்த்து முடித்ததும் கயிற்றை மெதுவாக விட்டார். "என் கையிலதானுங்க என்னமோ இருக்குது" என்று சொல்லிவிட்டு, உலையை அணைக்கச் செம்பில் தண்ணீர் மொண்டார். போட்டிக்கு ஒன்பது நாள் இருந்தது. சத்தியமாக எனக்குப் போட்டி ஞாபகமே இல்லை. அந்த உலை அணைந்தால் இனிப் பற்றாது என்பது மட்டும் தெரிந்தது.

"பொஸ்தகத்துல போட்டிருந்துச்சுங்க தம்பி" என்றேன். "இழுத்து வெக்கப்படாதுன்னு போட்டிருந்துச்சு. நான் படிச்சேன். நீங்க கேட்டப்பப் பொய் சொல்லிட்டேன்."

செம்போடு நின்றார். பிறகு எங்கள் வீட்டில் யாரும் கேட்டிராத ஒரு சத்தம் வந்தது. நங்கையாவிடம் குரலை உயர்த்திப் பேசுகிற வழக்கமே எங்களிடம் கிடையாது. "என்னைய என்னன்னு நெனச்சீங்க? சீக்காளின்னா? பட்டறையில தப்புன்னா தப்புன்னு சொல்லோணுமுங்க! சொல்லாம வுட்டா அடுத்தவங் காலுதானுங்க போவும்!" செம்பு சுவரில் மோதி உருண்டது. என் கணவர் வாசல் வரை ஓடிவந்து, நான் கையைக் காட்டியதும் அங்கேயே நின்றுவிட்டார். கொழுந்தனார் பெஞ்சில் உட்கார்ந்தார். வேறு குரலில் சொன்னார்.

"அந்தப் பட்டையில மசுராட்டம் ஒரு கீறலு இருந்துச்சுங்க. பாத்தேன். ஓனரு வண்டிய எடு எடுன்னு நின்னாருங்க. இந்த ஒரு நடைக்குத் தாங்கும்னு வுட்டுட்டேன். ஊட்ல எல்லாரும் உந் தப்பு இல்ல, உந் தப்பு இல்லங்கறீங்க. எந் தப்புதானுங்க."

இத்தனை மாதமாக நாங்கள் சொன்ன ஆறுதல் முழுவதும் அவரை எப்படி அறுத்திருக்கும் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்தத் தடவை 'உங்கள் தப்பு இல்லை' என்று நான் சொல்லவில்லை. "ஆமாங்க தம்பி" என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். கோபம் போயிருந்தது. "அந்தப் பொஸ்தகத்த எடுத்துட்டு வாங்க. மொதல் வரியிலருந்து படிங்க" என்றார்.

இருபது பக்கத்தையும் வரி வரியாகத் தமிழில் சொன்னேன். தெரியாத சொல் வந்தால் தெரியாது என்று சொன்னேன், அதற்குத் தலையாட்டினார். மீதி மரத்தில் இரண்டு வில்தான் தேறியது. நான்கு பெண்களும் அதை மாற்றி மாற்றி எய்தார்கள். ஒருத்தி மூன்றாவதாக வந்து, அந்தச் சான்றிதழை வழிநெடுக பஸ் ஜன்னலுக்கு வெளியே பிடித்துக்கொண்டு வந்ததில் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. கொழுந்தனார் அடுத்த மாதம் பட்டறைக்குத் திரும்பினார். பிறகு இருபது வருடத்துக்கு மேல் அங்கே இருந்தார். கீறல் இருக்கிற வண்டியை, ஓனர் காலில் விழுந்தாலும் விடமாட்டார் என்று பெயர் வாங்கினார். இப்போது அவர் இல்லை. எனக்கும் எழுபது தாண்டிவிட்டது. இன்றும் யாராவது யாரிடமாவது 'உன் தப்பு ஒன்றுமில்லை' என்று சொல்வதைக் கேட்டால் எனக்குப் பொறுக்காது. உனக்குத் தெரியுமா, விசாரித்தாயா என்று கேட்கத் தோன்றும்.

பட்டறைக்குத் திரும்புவதற்கு முன்னால் அவர் ஒரு வேலை செய்தார். "ஆட்டையாம்பட்டி வரைக்கும் கூட வாரீங்களா நங்கையா?" என்று கேட்டார். யார் வீட்டுக்கு என்று நானும் கேட்கவில்லை. தறிச் சத்தம் கேட்கிற ஒரு தெருவில், ஓட்டு வீட்டு வாசலில், கிளீனராக இருந்த அந்த இளைஞர் ராட்டையில் நூல் சுற்றிக்கொண்டிருந்தார். ஒரு கால் நீட்டியபடி இருந்தது, பக்கத்தில் ஊன்றுகோல். எங்களைப் பார்த்ததும் ராட்டையை நிறுத்தினார். கொழுந்தனார் உட்காரவில்லை. கீறலைப் பார்த்ததை, ஓனர் அவசரப்பட்டதை, தெரிந்தே விட்டதை, ஒன்று விடாமல் நின்றபடியே சொன்னார். உள்ளேயிருந்து அந்த இளைஞரின் அம்மா வந்து நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அடிக்கப் போகிறார்களோ என்று நினைத்தேன். அடித்தாலும் சரிதான் என்றும் நினைத்தேன்.

அந்த இளைஞர் திட்டவில்லை. பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. அறுந்த நூலை இரண்டு விரலால் முடிந்துகொண்டே சொன்னார்:

"பட்டறையிலருந்து யாராச்சும் வருவீங்கன்னு பத்து மாசமாத் தெருவையே பாத்துட்டு உக்காந்திருந்தேனுங்க மேஸ்திரி."