லாரியை நிறுத்திவிட்டுப் போனவர்

குருவிகுளம் பக்கம் எங்கள் ஊர்க் கரிசலில், பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் உருக்கும் பட்டறை ஒன்று இருந்தது. புகை படிந்த புல்லைத் தின்று எங்கள் ஆடுகள் செத்தன. பிள்ளைகளுக்கு ஓயாத வயிற்றுவலி. புகார் கொடுத்து அதிகாரிகள் வரும்போதெல்லாம் உள்ளே பேட்டரி ஒன்றுகூட இருக்காது.

ஒருநாள் காலை, பெண்கள் நாங்கள் பட்டறை வாசலில் உட்கார்ந்து, உள்ளே போக வந்த லாரியை மறித்தோம். டிரைவர் இறங்கி வந்தார். சண்டைக்குத்தான் வருகிறார் என்று பயந்தேன்.

"என்னக்கா பிரச்சினை?"

"இங்கன ஈயம் உருக்குதாவ அண்ணாச்சி. எங்க பிள்ளைங்க வயித்துவலில துடிக்குதுவ. ஆபீசர் வந்தா, இது இரும்புக் குடோன்னு முதலாளி சாதிச்சிருதாரு."

டிரைவர் திரும்பிப் போய் லாரியின் தார்ப்பாயை அவிழ்த்தார். லாரி முழுக்கப் பேட்டரிகள். முதலாளி கத்திக்கொண்டே ஓடிவந்தார். அதற்குள் டிரைவர் சாவியை என் கையில் வைத்துவிட்டார்.

"தாசில்தார் வார வரைக்கும் லோடு இங்கனயே நிக்கட்டும். அவருகிட்டயே சாவியக் குடுங்க."

"உங்க வேலை போயிருமே அண்ணாச்சி?"

"போனா போவுது. எனக்கும் பிள்ளைங்க இருக்குக்கா."

துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, திருவேங்கடம் போகும் பஸ்ஸைப் பிடிக்க நடந்தார். முதலாளி சாவியைப் பறித்துவிடாதபடி பெண்கள் என்னைச் சுற்றி நின்றுகொண்டார்கள். நாங்கள் தகவல் சொல்ல, மதியம் தாசில்தார் வந்து லாரியைப் பார்த்தார். பட்டறைக்குச் சீல் விழுந்தது.

அந்த மண் தேற இன்னும் நாளாகுமாம். அன்று என்னோடு உட்கார்ந்தவர்களில் பலர் திருப்பூருக்குப் பிழைக்கப் போய்விட்டார்கள். ஊர்க் கோயில் கொடை விழாவுக்கு வந்து கூடும்போது அந்தக் காலையைத்தான் திரும்பத் திரும்பப் பேசுவோம். பெயர் தெரியாத அந்த மனிதரை நாங்கள் பிறகு பார்க்கவே இல்லை. ஆனாலும் எங்கள் போராட்டத்தில் யார் யார் இருந்தார்கள் என்று யாராவது கேட்டால், அவரையும் சேர்த்துத்தான் சொல்வேன்.