மலேசியாவில் கோல்ஃப் ஆடிய சகலை

முக்கால் இஞ்சு பிவிசி பைப்பைத் தோளுக்கு மேல் ஓங்கி, இடுப்பை ஒரு திருகு திருகி, தரையில் கிடக்கும் எலுமிச்சம்பழத்தை விளாசுகிறார் ராயப்பராஜ். பழம் ரோட்டைத் தாண்டி, எதிரே நிற்கும் லாரிக்கு அடியில் போய் விழுகிறது. இரண்டு மூடை சிமெண்டுக்கு வந்த கொத்தனார் தலையைச் சொறிந்துகொண்டு நிற்கிறார். "செத்த இரு அப்பு, இன்னும் ஒரு ஷாட் இருக்கு" என்கிறார் இவர். கடை திறந்ததும் தினமும் இந்தக் கூத்துதான். இவர் நசுக்கிய பழத்தையெல்லாம் ஊறுகாய் போட்டிருந்தால், கடை இருக்கும் பேகம்பூருக்கே பரிமாறியிருக்கலாம்.

திண்டுக்கல்லில் சிமெண்ட், கம்பி வியாபாரம் இவருக்கு. நான் இவருடைய சகலை. இவர் மனைவி அல்போன்சாவின் தங்கையைக் கட்டியவன். வத்தலக்குண்டில் அதே கம்பெனி சிமெண்டை நானும் விற்கிறேன். வினையே அங்கேதான் ஆரம்பித்தது. இரண்டு வருடத்துக்கு முன்னால், அதிகமாகச் சரக்கு விற்ற டீலர்களைக் கம்பெனிக்காரன் மலேசியாவுக்குக் கூட்டிப்போனான். ஆக, அங்கே நடந்த கண்றாவியைக் கண்ணால் பார்த்த ஒரே சொந்தக்காரன் நான்தான்.

கடைசி நாள் ஒரு கோல்ஃப் மைதானத்தில் இறக்கிவிட்டார்கள். உலகப் போட்டியெல்லாம் நடக்கிற இடமாம். 'சாம்பியன்ஷிப் கோர்ஸ்' என்று கைடு சொன்னதுதான் தாமதம், ராயப்பராஜின் காதில் தேன் பாய்ந்துவிட்டது. முதல் அடியில் ஒரு கூடைப் புல்லைப் பெயர்த்தார். இரண்டாவது அடியில் மட்டை கையைவிட்டுப் பறந்து, ஒட்டன்சத்திரம் டீலர் காலடியில் விழுந்தது. "ஏனுங்க, என்னையக் கொல்லவா இம்புட்டுத் தூரம் கூட்டியாந்தீங்க?" என்று அந்த மனிதர் அலறினார். மூன்றாவதில் பந்து கிளம்பியது. நேராகக் குளத்துக்குள். பின்னால் விளையாட வந்தவர்கள் பொறுமை இழந்து கத்த, மைதானத்து ஆட்கள் எங்களைப் பேட்டரி வண்டியில் அள்ளிப்போட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மொத்தமே அரைமணி நேரம். பந்து போய் விழவேண்டிய குழியை இவர் கிட்டத்தில் பார்க்கக்கூட இல்லை. தூரத்தில் ஒரு கொடி தெரிந்தது, அவ்வளவுதான்.

ஊருக்கு வந்தபோது கதை வேறாகிவிட்டது. "எழுவத்திரெண்டு அடியில முடிச்சேன். வெள்ளக்காரனே கையக் குடுத்தான்." அந்த எழுபத்திரண்டு, பதினெட்டுக் குழியையும் முடிக்க நல்ல ஆட்டக்காரனுக்கு அத்தனை அடி போதும் என்று கைடு சொன்ன கணக்கு. இவர் அதைத் தன் கணக்கில் வரவு வைத்துக்கொண்டார். பழைய பள்ளிக்கூட வாத்தியார் மரியசெல்வத்தை அடக்கம் பண்ணும்போது, சாமியார் ஜெபம் சொல்லிக்கொண்டிருக்க, கல்லறைத் தோட்டத்தில் என் காதருகே வந்து, "புல்லப் பாத்தீங்களா சகல, மெயிண்டனன்ஸே இல்ல" என்கிறார். எனக்கு வந்த ஆத்திரத்துக்குக் குழிக்குள்ளே தள்ளியிருப்பேன். அல்போன்சா அண்ணி ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்: "குடிச்ச டம்ளர எடுத்து வைக்க மாட்டாரு. இவரு பந்துக்குப் பின்னால ஓடுனாராக்கும்!"

அளந்து தொலையட்டும் என்று விட்டிருப்பேன். ரீனா கல்யாணம் நடுவில் வந்தது. ரீனா இவருடைய ஒரே மகள், டீச்சர் வேலை பார்க்கிறாள். கூடப் படித்த ஜெரோமைப் பிடித்திருக்கிறது என்று அவளே வாய்விட்டுச் சொன்னாள். பையனின் அப்பா கிளெமென்ட், காப்பி எஸ்டேட்டில் மேனேஜராக இருந்தவர், இப்போது கொடைக்கானலில் வீடு. பெண் பார்க்க வந்த அன்று அவர் சொன்னது ஒன்றே ஒன்று. "நக, பணம் எதுவும் எங்களுக்கு வேண்டாங்க. உள்ளத உள்ளபடி சொல்லுங்க. பெரியவன் கல்யாணத்துல பொய் சொல்லி எங்களக் கவுத்துட்டாங்க. இன்னொரு பொய்ய இந்த உடம்பு தாங்காது."

இதற்குமேல் தெளிவாக ஒரு மனிதன் எப்படிச் சொல்வான்? கேசரி காலியாவதற்குள் நம்மாள் எழுபத்திரண்டை எடுத்துவிட்டார். கிளெமென்ட்டின் முகம் மலர்ந்தது. அவர் முப்பது வருடமாகக் கோல்ஃப் ஆடுகிறவராம்! "அப்ப சனிக்கிழம மேல வாங்க, சேந்து ஆடுவோம்" என்றார். தவளை தன் வாயால் கெட்டது. கூட ரீனாவின் வாழ்வும் அல்லவா கெடப்போகிறது? அன்று சாயங்காலமே ரீனா என்னிடம் வந்து, "சித்தப்பா, நெசமாவே அப்பா ஆடுனாரா?" என்று கேட்டாள். நான் உள்ளதைச் சொன்னேன். அவள் அழவில்லை. அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

சனிக்கிழமை என் காரில் மலையேறினோம். புது வெள்ளை ஷூ, தொப்பி சகிதம் ராயப்பராஜ் முன்சீட்டில், ரீனா பின்சீட்டில். மைதானத்தில் கிளெமென்ட் காத்திருந்தார். ராயப்பராஜின் முதல் இரண்டு வீச்சும் காற்றுக்கு. மூன்றாவதில் பந்து பத்தடி உருண்டது. "எதிர்க்காத்து சம்பந்தி. நமக்குப் பெரிய கிரவுண்டுதான் கைக்கு வரும்." நிச்சயமே ஆகவில்லை, அதற்குள் சம்பந்தி! கிளெமென்ட் "ம்" என்றார். தட்டித் தட்டி ஒருவழியாகக் குழி இருக்கும் இடத்துக்கு வந்து சேர்ந்தோம். அங்கே மட்டும் புல்லை ஒட்ட வெட்டி, புதிதாகப் பூசிய தளம்போல வழவழவென்று வைத்திருந்தார்கள்.

ராயப்பராஜ் ஓரத்தில் நின்றார். குனிந்தார். ஷூவைக் கழற்றி, சாக்ஸை உள்ளே சுருட்டி வைத்து, ஜோடியாக ஓரங்கட்டினார். "இம்புட்டு நைசா போட்ட தரைய ஷூக்காலோடயா மிதிக்கிறது?" பூச்சு காயாத தளத்தில் செருப்போடு ஏறுகிறவர்களை ஆயுள் முழுக்கத் திட்டித் தீர்த்த சிமெண்ட் வியாபாரி! கோல்ஃபில் எவனும் அங்கே ஷூவைக் கழற்றுவதில்லை. டிவியில் பார்த்த எனக்கே அது தெரியும்.

கிளெமென்ட் அந்த ஷூவைப் பார்த்தார். பிறகு இவரைப் பார்த்தார். "எழுவத்திரெண்டு?" என்று மெதுவாகக் கேட்டார்.

"கூட ஒண்ணு கெடையாது" என்றார் இவர்.

"அங்கிள்." ரீனா முன்னால் வந்தாள். "அப்பாவுக்கு ஆடத் தெரியாது. அங்க அர மணி நேரம் மட்டையப் பிடிச்சாரு, அம்புட்டுத்தான். எழுவத்திரெண்டெல்லாம் பொய்யி."

கிளெமென்ட் அவள் பக்கம் திரும்பினார். புல்லில் ஒரு முழங்காலை ஊன்றி, தன் ஷூவின் நாடாவை அவிழ்த்தார். இரண்டையும் கழற்றி ராயப்பராஜின் ஷூவுக்குப் பக்கத்தில் வைத்தார். வெறுங்காலோடு புல்லில் ஏறி, "வாம்மா" என்று அவளைப் பார்த்துக் கையை நீட்டினார்.

ராயப்பராஜ் தொப்பியைச் சரிசெய்துகொண்டு என் பக்கம் திரும்பினார். என் காலில் இருந்த ஷூவைப் பார்த்து முகத்தைச் சுளித்து, கழற்று என்று விரலை ஆட்டினார்.