ஸ்பேமில் கிடந்த ரிப்போர்ட்

தல்லாகுளத்தில் நான் வேலை பார்க்கும் லேபுக்கு இன்று காலை எழுமலையிலிருந்து ஒருவர் வந்தார். மனைவிக்குக் கழுத்தில் கட்டி. சதைப் பரிசோதனை ரிப்போர்ட் இன்னும் வரவில்லை என்றார்.

"போன வாரமே மெயில்ல அனுப்பிட்டோம்ணே."

"தெனமும் பாக்குறேன்மா. வரலைன்னதும் ஒண்ணும் இருக்காதுன்னு இருந்துட்டோம்."

அவர் போனை வாங்கி ஸ்பேமைத் திறந்தேன். லாட்டரிப் பரிசுக்கும் உடனடிக் கடனுக்கும் நடுவில் எங்கள் ரிப்போர்ட் கிடந்தது.

படித்துவிட்டு, "இன்னைக்கே டாக்டர்ட்ட காட்டிருங்கண்ணே" என்று மட்டும் சொன்னேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அது ஏன் அங்கே போனது என்று எனக்குத் தெரியும். பொங்கல், சித்திரைத் திருவிழா, தீபாவளி என எங்கள் முதலாளி எதையும் விடமாட்டார். யாரிடமோ மொத்தமாக வாங்கி வந்த மெயில் முகவரிகள் அத்தனைக்கும் லேப் பெயரில் கோபுரப் படத்தோடு வாழ்த்துப் போகும். முன்பின் தெரியாதவர்கள் எரிச்சலில் 'ஸ்பேம்' என்று அமுக்கி அமுக்கி, இப்போது ரிப்போர்ட்டும் அதே குப்பையில் விழுகிறது.

முதலாளியிடம் போய் நடந்ததைச் சொன்னேன். "வாழ்த்து அனுப்புறத நிப்பாட்டிருவோம் சார். ரிப்போர்ட்டாவது போய்ச் சேரட்டும்."

உண்மையிலேயே வருத்தப்பட்டார்.

"தப்புத்தாம்மா. அம்புட்டுப் பேருக்கும் மன்னிப்புக் கேட்டு ஒரு மெயில் போட்ரு. கோபுரப் படம் வச்சு."

உங்களுக்கும் அது வந்தால் தயவுசெய்து ஸ்பேம் என்று அமுக்கிவிடாதீர்கள். அதற்குப் பின்னால் இன்னும் பலருடைய ரிப்போர்ட் நிற்கிறது.