குழாயை மூடுங்க சார்

1. நான்கு மீன்கள்

போன் வந்தபோது குள்ளஞ்சாவடியில் ஒரு வீட்டுக்கு மட்டம் பார்த்துக்கொண்டிருந்தேன். மேஸ்திரி குமரேசன்தான் பேசினார். சாப்பிட்டாயா என்றுகூடக் கேட்கவில்லை.

"அஞ்சல, நீ கட்டுன கொளத்துல நாலு மீனு செத்து மெதந்துகினு கீதாம். சாரு என்னைய நாக்கப் புடுங்கிக்கிற மாதிரி கேக்குறாரு. ஒடனே கெளம்பி வா."

நான் கட்டின குளமாம். பத்து நாள் முன்பு ஒப்படைத்ததிலிருந்து அது அவர் கட்டின குளம். போட்டோ எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டு, கீழே தன் போன் நம்பரையும் போட்டிருந்தார். மீன் செத்த அன்றைக்குத்தான் குளம் என் பெயருக்கு மாறியது.

நெய்வேலி டவுன்ஷிப்பில் பதினேழு வயதில் சித்தாளாக நுழைந்தவள் நான். இப்போது ஐம்பத்திரண்டு. கொத்து வேலைக்கு வருகிற பெண்களுக்காக இதை எழுதுகிறேன். எழுத உட்காரும்போதே கோபம் வருகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

2. கொத்தனாரு எங்க?

சித்தாளுக்குப் பூசுகிற கரண்டி கிடைப்பது லேசில்லை. சட்டி தூக்கலாம், கலவை போடலாம், கல் எடுத்துக் கொடுக்கலாம். சுவர் பூசினால் மட்டும், "பொம்பள பூசுனா மட்டம் நிக்காது" என்பார்கள். கொத்தனார்கள் டீ குடிக்கப் போகும் நேரத்தில் அவர்கள் விட்ட இடத்திலிருந்து பூசிப் பூசித்தான் கற்றேன். வந்து பார்ப்பவர்களுக்கு எது அவர்கள் பூசியது, எது நான் பூசியது என்று தெரியாது. கடைசியில் குமரேசன் என் கையில் கரண்டியைக் கொடுத்தார். பாசம் ஒன்றும் இல்லை, அந்த வருஷம் அவருக்குக் கொத்தனார் கிடைக்கவில்லை. பக்கத்தில் இன்னொரு கொத்தனார் இல்லாமல் நானே முழுதாக எடுத்துச் செய்த முதல் வேலை அந்தக் குளம்தான்.

சார் மைன்ஸில் பெரிய பொறுப்பில் இருந்தார். பெரிய குவார்ட்டர்ஸ், பின்பக்கம் விசாலமான தோட்டம், மூலையில் ஒரு முருங்கை. அங்கே கோய் மீன் வளர்க்கக் குளம் வேண்டும் என்றார். கோய் என்பது சிவப்பும் வெள்ளையுமாக இருக்கும் ஜப்பான் கெண்டை. யூடியூபில் பார்த்து ஆசைப்பட்டிருக்கிறார்.

முதல் நாள் கையில் ரசமட்டத்தோடும் கரண்டியோடும் நின்ற என்னைத் தாண்டிப் பார்த்துக் கேட்டார்: "மேஸ்திரி, கொத்தனார் எங்க?"

"இந்தம்மாதான் சார்" என்றார் குமரேசன், ஏதோ தப்பை ஒப்புக்கொள்வது மாதிரி.

சார் அதன்பிறகு ஒரு வார்த்தைகூட என்னிடம் நேராகப் பேசவில்லை. நான் சொல்வதை மேஸ்திரி திருப்பிச் சொல்வார், சார் அவருக்குப் பதில் சொல்வார். மூன்று பேரும் தமிழ்தான்!

பன்னிரண்டுக்கு எட்டடி, நாலடி ஆழம். அடியில் கம்பி கட்டிக் கான்கிரீட், சுற்றிலும் ஃபிளை ஆஷ் என்கிற சாம்பல் கல்லில் சுவர். மூலைகளைக் கூராக விடாமல் உருட்டிப் பூசினேன். கூர் மூலையில் அழுக்கு தங்கும், முதல் விரிசலும் அங்கேதான் விழும். அதன்மேல் வாட்டர் ப்ரூஃப் கோட்டிங் இரண்டு தடவை. புது சிமெண்டின் காரம் மீனுக்கு ஆகாது என்பதால் மூன்று வாரத்தில் மூன்று முறை நிரப்பி நிரப்பி வடித்தேன். "இன்னும் எத்தனை நாள் மேஸ்திரி?" என்று தினமும் கேட்டார் சார். அவசரப்படுத்தி என்னை அசைக்க முடியவில்லை.

ஒப்படைத்த அன்று குழாய் ஓடிக்கொண்டிருந்தது, ஃபவுண்டன் அடித்தது, எல்லோரும் கை தட்டினார்கள். நானும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன். செய்ய வேண்டிய ஒன்றைச் செய்யாமல் வீட்டுக்குப் போனேன். அது என்ன என்று பிறகு சொல்கிறேன்.

3. பிடுங்கிய கரண்டி

ஏழு மீனில் நாலு போய்விட்டது. மீதி மூன்றும் மேலே வந்து வாயைப் பிளந்து பிளந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தன. சார் முதல் தடவையாக என்னிடம் நேராகப் பேசினார்.

"ஏம்மா, சிமெண்ட்ல என்னத்தக் கலந்த? மீன்லாம் சாவுது. வேலை தெரியலன்னா தெரியலன்னு சொல்லிட்டுப் போக வேண்டியதுதானே?"

நான் வாயைத் திறப்பதற்குள் குமரேசன் என் கையிலிருந்த கரண்டியைப் பிடுங்கினார். பிடுங்கினார் என்றால் பிடுங்கினார்தான்.

"தப்பு எம்மேலதான் சார். பொம்பள கையில கரண்டி குடுத்தேம் பாருங்க. நாளையிலேருந்து நீ சட்டி தூக்கு, போ."

அழுகை இல்லை, கொதிப்பு. வருஷக்கணக்காக டீ நேரத்தில் திருடித் திருடிக் கற்ற வேலை, ஒரு கைப் பிடுங்கலில் போகிறது. யாரையாவது அடித்திருப்பேன். அதற்குப் பதில் தோட்டத்தைப் பார்த்தேன், என் நல்ல நேரம்.

முருங்கை இலை பழுத்துக் கொட்டிக்கொண்டிருந்தது. வெயில் காலத்தில் முருங்கை வாடாது. வேரில் தண்ணீர் நின்றால்தான் அப்படிப் பழுக்கும். கிட்டே போய் மிதித்தேன். கால் புதைந்தது. பிறகுதான் குளத்து மூலையைக் கவனித்தேன். குழாய் விரல் பருமனுக்கு ஓடிக்கொண்டே இருந்தது, ஆனால் குளம் வழியவில்லை.

"இது எப்பலேர்ந்து சார் ஓடிகினு கீது?"

"எப்பவும் ஓடும். ஓடுற தண்ணிதான் மீனுக்கு நல்லது. தொட்டி ஃபுல்லா இருந்தாத்தான் அழகு."

எனக்குப் புரிந்துவிட்டது. குளம் ஒழுகுகிறது. ஒழுகுவது யாருக்கும் தெரியவில்லை, ஏனென்றால் குழாய் மூடப்படவே இல்லை. ஒழுகின அளவுக்கு குளோரின் போட்ட புதுத் தண்ணீர் ராப்பகலாக உள்ளே வருகிறது. அதில்தான் மீன் வெந்து சாகிறது. எங்கள் ஊர் கம்மாபுரம் பக்கம். தெருக் கைபம்பு வற்றி நாலு வருஷம் ஆகிறது. காலையில் ஒரு மணி நேரம் தெருக்குழாய், அவ்வளவுதான். அங்கே ஒரு குடம் ஒழுகினால் அரை மணி நேரத்தில் தெருவுக்கே தெரிந்துவிடும்.

"குழாயை மூடுங்க சார்."

"மூடினா தண்ணி குறையுமே?"

"அதான் சார் பாக்கணும்."

4. சிவப்பு டேப்

குழாயை மூடினால் தண்ணீர் இறங்கும். ஒழுகும் தொட்டியில் தண்ணீர் எங்கே வந்து நிற்கிறதோ அங்கேதான் ஓட்டை. இது கொத்து வேலையில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. ஆனால் அதுவரை மூன்று மீனை எங்கே வைப்பது? குழாய்த் தண்ணீரை வாளியில் பிடித்து விட்டால் உடனே சாகும்.

சமையலறை வாசலில் நின்றிருந்த சாரின் மனைவி சொன்னார்: "எங்கிட்ட ஒரு டிரம் தண்ணி இருக்கு. புடிச்சு மூணு நாளாச்சு. ஆகுமா?"

"அந்த டிரம்ம இன்னுமா வச்சிருக்க? டவுன்ஷிப்ல தண்ணி புடிச்சு வைக்கிற ஒரே ஆளு நீதான்" என்றார் சார்.

"ராம்நாட்டுல பொறந்து தண்ணிக்கு அலைஞ்ச கை. இருவது வருஷமாச்சு, கேக்க மாட்டேங்குது" என்றார் அந்த அம்மா. சாரும் அதே ஊர்ப் பக்கம்தான் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

திறந்து வைத்த டிரம்மில் மூன்று நாளில் குளோரின் போயிருந்தது. மீன்களை அதில் விட்டோம். காலை பத்து மணிக்குக் குழாயை மூடினேன். தண்ணீர் மட்டத்தில் சிவப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டிவிட்டுக் குளத்தருகே உட்கார்ந்தேன். மேஸ்திரி என் கரண்டியைச் சுவர்மேல் வைத்துவிட்டு நிழலில் நின்றுகொண்டார். யாரும் என்னைச் சாப்பிடக் கூப்பிடவில்லை, அம்மாவைத் தவிர. "நீ சாப்புடு அஞ்சலை, நான் பாத்துக்கறேன்" என்று சோற்றுத் தட்டை என் கையில் கொடுத்துவிட்டு டேப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பன்னிரண்டு மணிக்கு மூன்று விரற்கடை இறங்கியது. மூன்று மணிக்குள் ஆறு விரற்கடை. ஐந்து மணிக்கு அரை அடி இறங்கி, அதற்குமேல் அசையவில்லை. தண்ணீர் நின்ற இடத்தில், உள்ளே மாட்டியிருந்த ஒரு நீலக் கலர் லைட்டின் ஒயர் சுவருக்குள் போகும் ஓட்டை. ஓட்டையைச் சுற்றி என் கோட்டிங் பிய்ந்து கிடந்தது.

"இந்த லைட்டு நா இருந்தப்ப இல்லியே சார்?"

"அது... எலக்ட்ரீஷியன் வந்து போட்டான். டிரில் பண்ணித்தான் ஒயர் இழுத்தான்" என்றார் சார். சொல்லி முடித்ததும் அவருக்கே விளங்கியிருக்க வேண்டும். ஆனால் அப்படி விட்டுவிடுவாரா? "சரி சரி, அதை அடைச்சிரு. தண்ணிதானே போச்சு."

அந்த ஒரு வார்த்தையில் எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது.

"தண்ணிதானேவா? பத்து நாளா இங்க மண்ணுல வுட்டீங்களே, அதுல எங்க தெருவே குளிச்சிருக்கும் சார். நாலு உசுரு போனது தண்ணியாலதான். அதுக்கு எங்கையில கீற கரண்டிய புடுங்குனாங்க. தண்ணிதானேன்றீங்க?"

"ஏய், சாருகிட்ட மன்னிப்பு கேளு" என்றார் குமரேசன்.

கேட்கவில்லை. அம்மாதான் மேஸ்திரியைப் பார்த்து, "யாரு யாருகிட்ட கேக்கணும்?" என்றார்.

குமரேசன் தலையைச் சொறிந்துகொண்டு, சுவர்மேல் இருந்த கரண்டியைக் கண்ணால் காட்டினார். "சரி, எடுத்துக்க."

"நீங்க புடுங்குனீங்க. நீங்களே குடுங்க."

மேஸ்திரி சுவரருகே போனார். பிறகு எடுத்து, சார் பார்க்க, என் கையில் கொடுத்தார். வாங்கிக்கொண்டு ஓட்டையை அடைத்தேன். அது இறுகியதும் டேப் மட்டம் வரை நிரப்பிக் குழாயை மூடினேன். மறுநாள் காலையில் டேப்புக்கும் தண்ணீருக்கும் இடைவெளி இல்லை.

5. செய்யாமல் விட்டது

முன்பே சொன்னேனே, ஒப்படைத்த அன்று ஒன்றைச் செய்யவில்லை என்று. குழாயை நான் மூடவில்லை. ஊரில் குடத்துக்குக் குடம் பார்க்கிறவள், டவுன்ஷிப் கேட்டைத் தாண்டியதும் குழாய் ஓடுவது கண்ணில் படாதவளாகிவிட்டேன். அன்றைக்கே மூடி, டேப் ஒட்டி, மூன்று நாள் காட்டியிருந்தால் என் வேலை மேல் யாரும் வாய் வைத்திருக்க முடியாது. சார் மேலும் மேஸ்திரி மேலும் இருக்கும் கோபம் பாதி ஆறிவிட்டது. என் மேலேயே இருக்கும் இந்தக் கோபம் ஆறவில்லை.

அதன்பிறகு பதினோரு குளம் கட்டிவிட்டேன். கைதட்டுவதற்கு முன் குழாயை மூடுகிறேன். மூன்றாம் நாள், இறங்காத தண்ணீருக்குப் பக்கத்தில் வீட்டுக்காரரை நிறுத்தி, டேப்மேல் தேதி எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்கிறேன். சிலர் சிரிப்பார்கள். சிரித்துக்கொண்டே போடட்டும். பேனா என்னிடமே இருக்கிறது, கரண்டிக்குப் பக்கத்தில்.