தன் கடையைத் தானே தேடும் நல்லுசாமி

அடுப்பு பற்றியதும் நல்லுசாமி கைப்பேசியை எடுத்துத் தன் கடையைத் தேடுவார். 'நாலாம் நம்பர் கடை' என்று ஒற்றை விரலால் குத்துவார். வரைபடத்தின் மேல் சிவப்புக் குறி ஒன்று எழும்பும். "ஆ, இருக்கு லா, இருக்கு" என்று தலையாட்டிவிட்டுத்தான் தோசைக்கல்லில் எண்ணெய் தேய்ப்பார். கடைக்குள்ளேயே நின்றுகொண்டு கடை எங்கே என்று பார்க்கிற மனிதரைக் கேமரன் மலை இதற்கு முன் கண்டிருக்காது.

கியா பார்ம் ஊரைத் தாண்டி, தேயிலைத் தோட்டத்துக்குத் திரும்பும் முக்கில் இருக்கிறது அந்தக் கடை. தகரக் கூரை, சில மேசைகள், ஈரம் காயாத பெஞ்சுகள். கடைக்கு யாரும் பெயர்ப்பலகை மாட்டவில்லை. அதற்கு அவசியமே இருந்ததில்லை.

அந்தக் காலத்தில் பின்சரிவில் தோட்டத்து ஆட்கள் குடியிருந்த நாலாம் நம்பர் லயம் இருந்தது. விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் பேர் கொடுக்கப் போகும் பெண்கள் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு இங்கே நின்று டீயை ஊதி ஊதிக் குடிப்பார்கள். தோட்டத்துக் கணக்கர் கிராணி ஐயா வெளியே நின்றபடியே வடையைத் தாளில் மடித்து வாங்கிக்கொள்வார். நல்லுசாமி கொழுந்து லோரி ஓட்டினார்; கடையை மனைவி விக்னேஸ்வரி பார்த்துக்கொண்டார். லோரி முக்குத் திரும்பும் சத்தம் கேட்டாலே பிள்ளைகள் 'ஓ'வென்று ஓடிவருவார்கள். என்ன காலம் அது!

லயத்தை இடித்தபின் ஜனங்கள் ரவாங், கிள்ளான், சிங்கப்பூர் என்று ஆளுக்கொரு பக்கமாய்ப் போய்விட்டார்கள். அந்த இடத்தில் லாலான் புல் ஆளுயரம் நிற்கிறது. சாலையில் சுற்றுலாக் கார்களுக்குக் குறைச்சல் இல்லை. ஆனால் கைப்பேசி சொல்லாத இடத்தில் இப்போதெல்லாம் எந்தக் காரும் நிற்பதில்லை. மாவு மிஞ்சுகிறது, வடை ஆறுகிறது. கிள்ளானிலிருக்கும் மகள் யுவனேஸ்வரி, தீபாவளி முடிந்ததும் சாமான் ஏற்ற லோரி அனுப்புவதாகவும் இருவரும் தன்னோடு வந்துவிட வேண்டும் என்றும் சொல்லிவிட்டாள்.

விக்னேஸ்வரியும் மகள் பக்கம்தான். "ஆளு வந்தா இருப்போம். வரலன்னா போயிடுவோம். யாருக்குங்க நான் மாவாட்டுறது?"

"கிள்ளான் வெக்கையில நான் கருவாடா காஞ்சிடுவேன் லா" என்றார் நல்லுசாமி. "அதுவுமில்லாம, போன்ல மொத ஆளு நம்மதானே. வருவாங்க, பாரு."

இந்த நம்பிக்கையில் மண்ணைப் போட்டவர் மனைவியின் தங்கை துளசி. பிரிஞ்சாங் டவுன் ஓட்டல் ஒன்றின் முன்கவுண்டரில் பல வருஷமாக வேலை பார்ப்பவர். வாய் கொஞ்சம் நீளம்.

"மாமா, ஒங்க போனுக்கு ஒங்களைத் தெரியும். தெனம் தேடுறீங்க, அதான் தெனம் காட்டுது. ஊரான் போன்ல தேடிப் பாருங்க."

துளசி தன் கைப்பேசியை எடுத்து, ஓட்டலில் தங்குகிறவர்கள் தட்டுவதைப் போலவே, பக்கத்தில் பசியாற இடம் எது என்று ஆங்கிலத்தில் தட்டினார். ஓட்டல்கள் வந்தன. ஸ்ட்ராபெரி விற்கும் கடைகள் வந்தன. நாலாம் நம்பர் கடையைக் காணோம்.

"அடுத்த ஊரு திரிங்காப் கடையெல்லாம் காட்டுதே! என் கடை வாசல்லயே நின்னு தேடுறோம், என் கடையே இல்லைங்குதே! கண்ணு அவிஞ்ச போனு!"

மனிதர் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். காரணம் தேடப்போனால் எல்லாம் அவர் கைவேலைதான். கடையை வரைபடத்தில் ஏற்றியபோது பெயரைத் தமிழில் மட்டும் போட்டிருந்தார். என்ன கிடைக்கும், எப்போது திறக்கும் என்று ஒரு வார்த்தை இல்லை. வழி என்ற இடத்தில் மட்டும் அக்கறையாக எழுதியிருந்தார்: 'பழைய தராசுக் கொட்டகைக்கு எதிரில்.'

"தராசுக் கொட்டகை எங்க மாமா இருக்கு?"

"அந்தா..." என்று லாலான் புல்லைக் காட்டினார். "இப்ப இல்ல. ஆனா அங்கதானே கொழுந்து நிறுத்தாங்க?"

தோட்டத்து ஜனங்களிடம் வழி கேட்டால் இந்தக் கதிதான். எப்போதோ வெட்டிய மரத்தடியில் திரும்பி, பிள்ளைகளை விட்டுப்போகும், எப்போதோ இடித்த ஆயாக்கொட்டகையைத் தாண்டி வரச் சொல்வார்கள். அவர்களுக்குள் யாரும் வழி தவறியதில்லை.

துளசி தோசை, வடை, ஆற்றிய டீக்குத் தே தாரிக் என்று மலாயிலும் ஆங்கிலத்திலும் எழுதிச் சேர்த்தார். திறக்கும் நேரத்தைப் போட்டார். புல்லுக்குள் கிடந்த குறியை இழுத்துச் சாலையோரம் வைத்தார். படம் எடுக்கும்போது நல்லுசாமி தலையைப் படிய வாரிக்கொண்டு, போலீசில் சரணடைய வந்தவரைப்போல் நின்றார்.

"பேரை மட்டும் தொடாத தாயி" என்றார். துளசி தொடவில்லை, அதையே ஆங்கில எழுத்திலும் சேர்த்ததோடு சரி.

"இனி சாப்பிட்டவங்க நாலு பேரு நல்ல வார்த்தை எழுதணும் மாமா. அப்பத்தான் மேல வரும்."

"சாப்பிட்டவன்கிட்ட நல்லா இருக்குன்னு எழுதிக் குடுன்னு கேக்குறதா? மானக்கேடு லா!"

அவருக்கு மானம் பெரிது. விக்னேஸ்வரிக்கு அந்தத் தொல்லை இல்லை. பழைய லயத்து ஆட்களின் வாட்சாப் குழுவில் பேசி அனுப்பினார்: "நம்ம கடையில சாப்பிட்டு வளந்தவங்க எல்லாம் ரெண்டு வரி எழுதிப் போடுங்கப்பா. பொய் வேணாம். மனசுல உள்ளத எழுதுங்க."

எழுதினார்கள். ரவாங்கிலிருந்து ருக்குமணி: 'எங்கம்மா செத்த அன்னிக்கு லயமே அழுதுச்சு. விக்னேஸ் அக்காவும் அழுதுகிட்டேதான் அத்தனை பேருக்கும் டீ ஆத்திக் குடுத்தாங்க. அஞ்சு ஸ்டார்.' சிங்கப்பூரிலிருந்து காளியண்ணன்: 'வடையில எப்பவும் உப்பு தூக்கல். அதுக்காகவே வரணும்.' தங்கையா ஒரே வரி எழுதியிருந்தார்: 'இந்தக் கடைக்குப் பின்னாலதான் நான் பொறந்தேன்.'

"தோசையைப் பத்தி ஒருத்தராச்சும் எழுதுனாங்களா பாருங்க!" என்று துளசி சிரித்தார். நல்லுசாமி சிரிக்கவில்லை. தோசைக்கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே அழுதார். யார் பார்த்தால் என்ன என்று அழுதார்.

தீபாவளி கழிந்து பள்ளி விடுமுறை தொடங்கியது. முதலில் ஜொகூரிலிருந்து ஒரு மலாய்க் குடும்பம் வந்தது. தமிழில் எழுதியதையெல்லாம் கைப்பேசி அவர்கள் மொழியில் மாற்றிக் கொடுத்திருக்கிறது. அந்த வீட்டம்மா வடையைக் கடித்துப் பார்த்து, உப்பு சரியாகத்தானே இருக்கிறது என்று கேட்டார். சாப்பிட்டு முடித்ததும், இங்கே பிறந்ததாக எழுதிய தங்கையாவின் இடம் எது என்றார். நல்லுசாமி பின்பக்கம் கூட்டிப்போய்க் காட்டினார். வெறும் புல்லைப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். கடைப் பெயரோடு அவர்கள் போட்ட அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு இன்னும் சில கார்கள் நின்றன.

இந்த ஞாயிற்றுக்கிழமை உட்கார இடமில்லை. குடையோடு நின்றுகொண்டே சாப்பிட்டார்கள். அந்த நேரம் பார்த்து யுவனேஸ்வரி கூப்பிட்டாள்.

"அப்பா, தீபாவளிதான் முடிஞ்சிருச்சே. லோரிக்காரரை என்னைக்கு வரச் சொல்லட்டும்?"

நல்லுசாமி வாயைத் திறப்பதற்குள் உள்ளேயிருந்து விக்னேஸ்வரி, "ஏங்க, ஓரத்து மேசைக்குத் தோசை எங்க? அங்க என்னா போனு இந்த நேரத்துல!" என்று கத்தினார். யாரோ சிரித்தார்கள். ஒரு குழந்தை இன்னொரு வடை கேட்டு அடம்பிடித்தது.

"அப்பா? கேக்குதா? அப்பா!"

அவர் கைப்பேசியைக் காதிலிருந்து எடுத்து, கடைப் பக்கமாகக் கையை நீட்டி அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார்.