எஸ்தர் அக்கா கிணற்றில் கட்டிய கயிறு

காலை ஷிப்ட் முடிந்து ஒரகடத்தில் கம்பெனிப் பேருந்துக்காக நின்றிருந்தேன். எஸ்தர் அக்காவின் கணவர் அழைத்தார். "எஸ்தர் போயிட்டாம்மா" என்றார். அக்கா சிறுநீரகம் பழுதாகி நெடுநாள் போராடியவர். எதிர்பார்த்த செய்திதான். ஆனாலும் பேருந்து வந்தபோது ஏறத் தோன்றவில்லை.

அக்கா மண்ணூர்க்காரர். கம்பெனியில் எங்கள் உற்பத்தி லைனின் சூப்பர்வைசர். புதுச்சேரிக் கடலில் மூச்சடக்கி மூழ்கும் பயிற்சிக்கு என்னையும் இழுத்துச் சென்றவர். சிலிண்டர் கிடையாது, உள்ளே இழுத்த ஒரே மூச்சுதான். பயிற்சி முடிந்ததும், ஊரிலேயே நாங்களாகப் பழகலாம் என்று தம் அண்ணனின் பெரிய பாசனக் கிணற்றைக் கேட்டு வாங்கினார்.

உடனே இறங்கிவிட நான் துடித்தேன். அவர் விடவில்லை. முதல் சில ஞாயிறுகள் ஏற்பாட்டிலேயே போயின. லாரி டியூப் ஒன்றை மிதவையாக்கி, அதிலிருந்து கயிற்றை நேராக இறக்கி, சேற்றைத் தொடாதபடி நுனியில் எடை கட்டினார். மணிக்கட்டைக் கயிற்றோடு இணைக்கும் வார் சிக்காமல் வழுக்குகிறதா என்று இழுத்து இழுத்துப் பார்த்தார். மூழ்குவதற்காக இடுப்பில் கட்ட நான் வாங்கி வந்த எடைப்பட்டையை ஒரு கையால் அவிழ்க்க முடியவில்லை. ஓரமாக வைத்துவிட்டார்.

"அவசரத்துல ரெண்டு கை இருக்காது, வசந்தி. ஒரே இழுப்புல வரணும்" என்றார். ஒருவர் மூழ்கினால் மற்றவர் மிதவையைப் பிடித்தபடி நீரிலேயே காத்திருக்க வேண்டும் என்பதும் அவர் வைத்த விதி.

அதனால்தான் பிழைத்தேன். ஒருநாள் மேலே வந்து மூச்செடுக்கும் முன்பே நினைவிழந்தேன். என் பட்டையைக் கழற்றிப்போட்டு, முகத்தை நீருக்கு மேலே தாங்கி, கன்னத்தில் ஊதி, பெயர் சொல்லி அழைத்திருக்கிறார். நான் கண் விழித்த பிறகும் என் முகத்தைத் தாங்கிய கையை அவர் எடுக்கவில்லை.

இனி வேண்டாம் என்றேன். அவர் வற்புறுத்தவில்லை. எங்கே தவறினோம் என்று மட்டும் யோசித்தார். ஓய்வு போதாமல் மறுபடி மறுபடி மூழ்கியிருந்தேன். ஓவர்டைம் செய்த வாரத்தில் கிணறு கிடையாது என்றார். கயிற்றின் ஆழத்தையும் குறைத்தார். நான் மறுபடி கிணற்றில் இறங்கினேன்.

டயாலிசிஸ் தொடங்கிய பின் அவரால் இறங்க முடியவில்லை. கரையில் உட்கார்ந்தால் போதும் என்று கெஞ்சினேன்.

"மேல உக்காந்துகினு நா இன்னா பண்ணுவேன்? வேடிக்கதான் பாப்பேன். தண்ணிக்குள்ள ஆளு வேணும்" என்றார்.

என் கணவரை வீட்டுக்கு அழைத்துப் பேசினார். நீச்சல் தெரியும், ஆழம்தான் பயம் என்று அவர் தயங்கினார். பயத்தோடே கற்றுக்கொள்ளலாம் என்று சொல்லி, அவரையும் பயிற்சிக்கு அனுப்பிவைத்த பிறகுதான் அக்கா ஓய்ந்தார்.

அடக்கம் முடிந்த ஞாயிறன்று இருவரும் கிணற்றுக்குப் போனோம். இறங்கினேன். பாதி ஆழத்தில் நின்று நிமிர்ந்து பார்த்தேன். வட்டமான வெளிச்சத்தின் நடுவே, மிதவையைப் பிடித்தபடி நீருக்குள் குனிந்திருந்த என் கணவரின் முகம், கண் இமைக்காமல்.

நிம்மதியாக உறங்குங்கள், அக்கா. வருகிற ஞாயிறும் இறங்குவோம்.